பிள்ளைகளை இரவு தங்கும் தியானத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 12. இந்த ஆண்டு ஆயர் எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கு வருவதால் இருவரும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெறப் போகிறார்கள். அதற்கு முன் மே மாதத்தில் மூன்று நாள் தியானம். மலைப்பக்கம் ஒரு தியான இல்லத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். வேறு பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். செல்போன் கூடாது, நடுவில் பெற்றோர் வரவோ பேசவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் வயதுக்கு வந்த பிள்ளை. அவளை ராத்திரி வெளியே தங்க விட எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொன்னபோது மறைக்கல்வி ஆசிரியை, "கடவுளிடம் அனுப்பவா பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். தியானத்துக்கு வராதவர்களுக்கு உறுதிபூசுதல் இல்லை என்றும் சொல்கிறார்கள். கணவர் கப்பலில் வேலை செய்கிறார். போனில் கேட்டால், "சாமியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அனுப்பு" என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். மகளுக்குப் பக்தி அதிகம், போக ஆசைப்படுகிறாள். கொஞ்ச நாளாக ராத்திரி படுக்கும்போது, "அம்மா, இன்றைக்கு இப்படி நினைத்துவிட்டேன், அது பாவமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில கேள்விகளுக்கு நேரான பதில் கிடைத்தால் உங்கள் மகன் போகலாம். மகள் இந்த முறை இரவு தங்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குக் காரணம், அவள் வயதுக்கு வந்த பிள்ளை என்பது அல்ல. உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஆசிரியை கேட்ட கேள்வி. அது உங்களை எவ்வளவு குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் தாயிடம் விசுவாசம் குறைவு என்று சொல்வது நியாயமே இல்லை. லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட பகுதியை எடுத்துப் பாருங்கள். பாஸ்கா திருவிழாவுக்குப் போன கூட்டம் ஊர் திரும்புகிறது. பையன் கூட்டத்தில்தான் இருப்பான் என்று நினைத்துப் பெற்றோர் ஒரு நாள் வழி வந்துவிடுகிறார்கள். உறவினர், தெரிந்தவர் எல்லாரும் கூடவே இருந்தார்கள், ஆனாலும் பையன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துக் கோயிலில் கண்டுபிடித்தபோது, எவ்வளவு கவலையோடு தேடினோம் என்று மரியாள் மகனிடமே சொல்கிறாள். பிள்ளை இருந்த இடம் கோயில்தான், அதற்காகத் தாயின் கவலை தவறு என்று யாரும் சொல்வதில்லை. கூட்டமாகப் போகும்போது யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாருமே நினைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. அந்த யாராவது ஒருவர் யார் என்று பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை.

தியானத்துக்கு வராவிட்டால் உறுதிபூசுதல் இல்லை என்பதைப் பற்றி. திருச்சபைச் சட்டத்தின் 889ஆம் விதி, விவரம் தெரிந்த ஒருவர் உறுதிபூசுதல் பெறத் தகுந்த போதனை பெற்றிருக்க வேண்டும், நல்ல மனநிலையில் இருக்க வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்கிறது. வெளியூரில் இரவு தங்க வேண்டும் என்று அதில் இல்லை. தகுதியோடு முறையாகக் கேட்பவருக்கு அருட்சாதனங்களை மறுக்கக் கூடாது என்கிறது 843ஆம் விதி. தயாரிப்பு அவசியம், அதை எப்படி நடத்துவது என்பதைப் பங்கில் முடிவு செய்கிறார்கள். எனவே பங்குத்தந்தையிடம் நேரில் போய், "என் மகளுக்கு இங்கேயே பகல் நேரத்தில் தியானம் வைத்துத் தர முடியுமா, சாமி? ஊரில் உள்ள சிஸ்டர்களிடம் ஒரு நாள் இருந்து ஜெபித்தால் போதுமா?" என்று கேளுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும், பரீட்சை உள்ள பிள்ளைக்கும் மாற்று வழி செய்து தராமலா இருக்கிறார்கள்? ஆசிரியை சொன்னதைப் பங்கின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பங்குத்தந்தையிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) இதே வயதுப் பிள்ளைகள் உள்ள இரண்டு மூன்று தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குத் துணை வேண்டும் என்பது ஒரு காரணம். அவர்கள் மனதிலும் இதே தயக்கம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல ஒருவர் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நான் பல ஆண்டுகளாகக் குழந்தைகளோடும் பெற்றோரோடும் ஆலோசகராக வேலை செய்கிறேன். "அங்கே இருப்பவர்கள் நல்லவர்களா?" என்றுதான் பெரும்பாலும் பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நல்லவர் என்று ஊரே சொல்பவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஏற்பாடு எப்படி என்று கேளுங்கள். ராத்திரி பெண் பிள்ளைகள் படுக்கும் ஹாலில் எந்தெந்தப் பெண்கள் கூடவே படுப்பார்கள்? ஆண் பிள்ளைகள் ஹாலில் யார், ஒருவரா இருவரா? குளியலறையும் கழிப்பறையும் ஹாலை ஒட்டியா, வெளியே நடந்து போக வேண்டுமா, வழியில் விளக்கு உண்டா? பன்னிரண்டு வயதுப் பையன்களையும் பதினேழு வயதுப் பையன்களையும் ஒரே ஹாலில் போடுவார்களா? இது முக்கியமான கேள்வி. பெரியவர்களால் மட்டும்தான் ஆபத்து வரும் என்று நாம் நினைக்கிறோம். சின்னப் பையன்களைப் பெரிய பையன்கள் ராத்திரியில் படுத்தும் பாடு முகாம்களில் நிறையவே நடக்கிறது, வீட்டில் வந்து சொல்வதும் இல்லை. பிள்ளைகளை வழிநடத்த அனிமேட்டர் அண்ணன், அக்கா என்று வருபவர்கள் கல்லூரி வயதுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். உற்சாகம் இருக்கும், பொறுப்பும் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வந்தால் முடிவெடுக்க வயதில் மூத்தவர் ஒருவர் அங்கே வேண்டும்.

பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் கதவு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஜெபத்துக்கானாலும் சரி, ஆலோசனைக்கானாலும் சரி, இந்த விதியைத் தளர்த்தக் கூடாது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் இதில் இடைஞ்சல் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (அதற்கான கூண்டில்) நடுவே நிலையான தடுப்புக் கம்பி இருக்க வேண்டும், நியாயமான காரணம் இல்லாமல் வேறு இடத்தில் கேட்கக் கூடாது என்று 964ஆம் விதியே சொல்கிறது. தியான இல்லத்தில் தொட்டி இல்லையென்றால், சிற்றாலயத்தின் ஒரு ஓரத்தில், எல்லார் பார்வையும் படுகிற, ஆனால் பேச்சுக் கேட்காத தூரத்தில் நாற்காலி போட்டு நடத்தலாம். ரகசியமும் காக்கப்படும், பிள்ளையும் எல்லார் கண்முன்னே இருக்கும்.

செல்போன் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். அத்தனை பிள்ளைகள் உடை மாற்றும் ஹாலில் கேமரா உள்ள போன் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அனிமேட்டர்களிடமும்தான். ஆனால் பெற்றோரோடு பேசவே கூடாது என்ற விதியை நான் ஏற்க மாட்டேன். ஒரு பிள்ளை "அம்மாவிடம் பேச வேண்டும்" என்று கேட்டால், எந்த நேரமானாலும், காரணம் கேட்காமல், அலுவலகப் போனிலோ சிஸ்டர் போனிலோ பேச விட வேண்டும். பிள்ளை கிளம்ப விரும்பினால் பெற்றோர் வந்து கூட்டிப் போகலாம் என்பதையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதம் கிடைக்காத இடத்துக்கு மகனையும் அனுப்பாதீர்கள். தியானத்தின் அமைதி கெட்டுவிடும் என்பார்கள். வீட்டுக்குப் பேச முடியாது என்று பயந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு ஏது தியானமும் அமைதியும்?

இதையெல்லாம் கேட்கும்போது பதில் எப்படி வருகிறது என்றும் கவனியுங்கள். நன்றாக நடத்துபவர்கள் இதையெல்லாம் முன்பே யோசித்திருப்பார்கள். "நல்ல வேளை கேட்டீர்கள், உங்களில் இரண்டு அம்மாக்கள் கூட வாருங்களேன்" என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி அழைத்தால் போங்கள். பெண் பிள்ளைகள் ஹாலில் ஊர்த் தாய்மார் இருப்பதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை. "எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபப்பட்டால், அதுவே உங்களுக்குப் பதில்.

அப்புறம் தண்ணீர். உங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது, 2022 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பூண்டி மாதா கோயிலுக்குப் போன குழுவில் ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்கும்போது மூழ்கி இறந்துபோனார்கள். கோயில், திருயாத்திரை, தியானம் என்று போகும் இடத்தில் குளியல் என்பது நிகழ்ச்சி நிரலில் இருக்காது. கடைசி நாள் மதியம் யாராவது ஒருவர் "அருவிக்குப் போய்விட்டு வரலாமா?" என்பார், பஸ் அங்கே நிற்கும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியம் வேறு. கடலும் அருவித் தடாகமும் ஒன்றல்ல, பாசி பிடித்த பாறையும் அடியில் இழுக்கும் சுழலும் கடற்கரைப் பிள்ளைக்குப் பழக்கமில்லாதவை. ஆறு, அருவி, அணை எங்கும் இறங்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம் என்பதையும், பிள்ளைக்குள்ள அலர்ஜி, மாத்திரை விவரங்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஹால் கதவை ராத்திரி வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பூட்டக் கூடாது.

இப்போது மகன். அவன் அங்கே எங்கே படுப்பான், யாரோடு இருப்பான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. ஆண் பிள்ளைதானே என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, உங்களை மட்டும் சொல்லவில்லை. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் 52.94 சதவீதம் பேர் பையன்கள். பையன்கள் சொல்வதும் குறைவு, சொன்னால் நம்புவதும் குறைவு. "ஆம்பளைப் பையன் இதுக்கெல்லாம் அழுவானா" என்ற ஒரு பேச்சு போதும், அவன் வாயே திறக்க மாட்டான். அதனால் மகளிடம் என்ன பேசுவீர்களோ, அதையே மகனிடமும் பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், எதற்கும் கையில் இருக்கட்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012இன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ நிர்வாகத்திலும் பணியிலும் இருப்பவர் அங்குள்ள பிள்ளையிடம் அத்துமீறினால் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகவே அது எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் 19, 21 பிரிவுகளின்படி குற்றம். நிறுவனத்தின் தலைவர் தமக்குக் கீழ் உள்ளவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. திருச்சபைக்குள்ளும், திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு 2023இல் நிரந்தரமாக்கிய ஆணைப்படி, இத்தகைய புகார்களைச் சொல்ல எல்லாரும் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு மறைமாவட்டங்களில் இருக்க வேண்டும். உங்கள் மறைமாவட்டத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை.

சரி, மகளுக்கு வருகிறேன்.

"இப்படி நினைத்துவிட்டேன், அது பாவமா?" என்று எப்போதாவது கேட்கும் பிள்ளையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். பதினான்கு வயதில் மனச்சாட்சி விழித்துக்கொள்ளும், அது நல்லதுதான். ஆனால் கொஞ்ச நாளாக, திரும்பத் திரும்ப, படுக்கும் நேரத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நோய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள். "பாவமில்லை, தூங்கு" என்று நீங்கள் சொன்னதும் அவள் அமைதியாகிறாளா, கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி வேறு வார்த்தையில் வருகிறதா? ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறாளா? சொன்ன பாவத்தையே மறுபடி பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறாளா? நன்மை (நற்கருணை) வாங்கத் தகுதியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து போகாமல் உட்கார்ந்துவிடுகிறாளா? இதனால் தூக்கமோ படிப்போ கெடுகிறதா? இவற்றில் சிலவற்றுக்காவது பதில் ஆமாம் என்றால், அதைப் பக்தி என்று விட்டுவிடக் கூடாது. எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) பக்தியுள்ள பிள்ளைகளிடம் இந்த உருவத்திலும் வரும். குணமாக்கக் கூடியது. பிள்ளையின் தப்பும் இல்லை, வளர்ப்பின் தப்பும் இல்லை.

இதற்கும் தியானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கான தியானங்களில் கடைசி இரவு ஒன்று இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில், மெல்லிய பாட்டோடு, நீ செய்த பாவங்களை நினைத்துப் பார், உன் அம்மா அப்பாவை எத்தனை முறை நோகடித்தாய், சிலுவையில் தொங்குபவரைப் பார் என்று பேச்சு போகும். ஒரு பிள்ளை விம்மத் தொடங்கும், பத்து நிமிடத்தில் ஹாலே அழும். நடத்துபவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நிறையப் பிள்ளைகள் அழுது முடித்து, லேசான மனதோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள், அம்மாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே பாவ பயத்தில் தூக்கம் கெட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு அந்த ராத்திரி தாங்காது. மற்றவர்கள் அழுது ஆறிவிடுவார்கள். அவள் அந்தப் பேச்சின் ஒவ்வொரு வரியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் தன்னைத் தானே விசாரிப்பாள். தூக்கக் குறைவு இன்னும் மோசமாக்கும். 13 வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், 12 வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நள்ளிரவு வரை ஆராதனை, விடியற்காலை ஐந்து மணிக்கு மணி என்று இரண்டு நாள் போனால் எந்தப் பிள்ளைக்கும் மனம் இளகிப்போகும். அந்த நிலையில் எடுத்த முடிவுகளையும் வந்த அழுகையையும் பக்தியின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது மனநல ஆலோசகர் ஒருவர் வெளியே நின்று சொல்லும் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். தியானம் என்ற முறைக்கே வழிகாட்டியாக இருப்பது இயேசு சபையை நிறுவிய புனித இலொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல், 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு வெளிவந்தது. அதன் முன்குறிப்புகளில் பதினெட்டாவது, செய்பவரின் வயது, கல்வி, திறமைக்கு ஏற்றபடி பயிற்சிகளை மாற்றித் தர வேண்டும், தாங்க முடியாததைக் கொடுக்கக் கூடாது என்கிறது. பதினான்காவது இன்னும் நேராகப் பேசுகிறது. ஒருவர் ஆறுதலிலும் மிகுந்த உற்சாகத்திலும் இருக்கும்போது, யோசிக்காமல் அவசரமாக எந்த வாக்குறுதியோ பொருத்தனையோ செய்துவிடாதபடி எச்சரிக்க வேண்டும் என்று தியானம் தருபவருக்கே சொல்கிறது. இஞ்ஞாசியாருக்கு இது அனுபவம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டும் மன அமைதி கிடைக்காமல், உயிரையே விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனவர் அவர். உங்கள் மகளின் பிரச்சினை என்னவென்று அவருக்குப் புரிந்திருக்கும்.

எனவே பங்குத்தந்தையைப் பார்க்கும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள். மற்ற தாய்மார் முன்னால் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். அனுபவமுள்ள குருவுக்கு இப்படிப்பட்ட பிள்ளையை எப்படி நடத்துவது என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போதும் ஒரே குருவிடம் போவது, சொன்னதை மறுபடி சொல்ல வேண்டாம் என்று அவரே அவளிடம் உறுதியாகச் சொல்வது, இந்த இரண்டும் பெரிய உதவி. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று, கொஞ்சம் கஷ்டமானது. ஒவ்வொரு முறையும் "பாவமில்லை" என்று பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பதில் கேட்கக் கேட்க அந்தப் பயத்துக்குப் பசி அதிகமாகும். "இதை நேற்றே பேசிவிட்டோமே, கண்ணு. மறுபடியும் பதில் சொன்னால் உன் பயம்தான் வளரும். வா, பக்கத்தில் படு" என்று சொல்லி நிறுத்துங்கள். கோபமாக வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லையென்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதற்கு முன் போனில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அவள் போக ஆசைப்படுகிறாள், அதுவும் நியாயம்தான். "பொம்பளைப் பிள்ளை ராத்திரி தங்கக் கூடாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தம்பி போகும்போது அவள் வீட்டில் இருப்பதற்கு அந்தக் காரணத்தைச் சொன்னால், அதை அவள் வாழ்நாள் முழுக்க நினைவு வைத்திருப்பாள். உண்மையைச் சொல்லுங்கள். "உனக்கு இப்போது மனதில் ஒரு பயம் தொந்தரவு கொடுக்கிறது. அது சரியானதும் அடுத்த தியானத்துக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்று. அடுத்த ஆண்டு அவளைக் கட்டாயம் அனுப்புங்கள். அப்போது மாதவிலக்குக்கு வேண்டியதைப் பையில் வைத்து, எந்த சிஸ்டரிடம் கேட்பது என்று காட்டிவிட்டு வந்தால் போதும். அதற்காகவெல்லாம் எந்தப் பெண் பிள்ளையையும் நிறுத்த வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மூன்று நாளில் ஒரு நாள் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு உண்ணும் நோன்பு) இருக்கலாம். திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனக் கடமை (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது முடிந்த பிறகும், ஒருசந்திக் கடமை 18 முடிந்த பிறகும்தான் தொடங்குகிறது. மே மாத வெயிலில் பன்னிரண்டு வயதுப் பையன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, "என் மகனுக்குச் சாப்பாடு கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்பார்கள், கடைசி நாளில் கொடுப்பதற்கு. அதில் புத்திமதியோ பழைய குறையோ ஒரு வரிகூட வேண்டாம். அவன் பிறந்த நாளைப் பற்றி, அவன் வீட்டில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைப் பற்றி எழுதுங்கள். அப்பாவிடமும் போனில் நாலு வரி சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கப்பலில் இருக்கும் தகப்பனிடமிருந்து வரும் நாலு வரி அந்தப் பையனுக்குப் பெரிது.

உங்கள் கணவரிடம் அனுமதி கேட்கிற மாதிரிப் பேசாதீர்கள். "பங்குத்தந்தையிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டேன், இந்தப் பதில் வந்தது, அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன்" என்று விவரமாகச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு விவரம் தெரியாது, அதனால்தான் சாமியார் சொன்னால் சரி என்கிறார். மாமியாரிடம், மகளுக்கு ஊரிலேயே தியானம் நடக்கும், உறுதிபூசுதலும் நடக்கும் என்று சொன்னால் போதும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சி.எஸ்.ஐ. சபைகளின் வாலிபர் முகாமோ, பெந்தெகொஸ்தே சபைகளின் முழு இரவு ஜெபமோ, ஆசிரமங்களின் கோடை வகுப்போ, மதரஸாக்களின் விடுமுறை வகுப்போ, பிள்ளை இரவு தங்கும் இடம் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

மகன் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பேசத் தொடங்குங்கள், பயமுறுத்தாமல். உடம்பில் உடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படமெடுக்கக் கூடாது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை முதல் வேலையாக அம்மாவிடம் சொல்ல வேண்டும். சாமியாராக இருந்தாலும், சிஸ்டராக இருந்தாலும், அனிமேட்டர் அண்ணனாக இருந்தாலும், பிடிக்காத ஒன்றுக்கு "வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது, பாவமும் ஆகாது. உங்கள் போன் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறானா என்று பாருங்கள். இப்போது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டி மாத்திரை போட்டாச்சா?" என்று போனில் கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச முடியவில்லை, வந்து கூட்டிப்போ என்று அர்த்தம். கேட்டால் அன்றைக்கே கிளம்பிப் போங்கள். போன பிறகு சின்னக் காரணம் என்று தெரிந்தாலும் திட்டாதீர்கள்.

திரும்பி வந்த அன்று எதுவும் கேட்க வேண்டாம். சாப்பாடு போடுங்கள், தூங்கட்டும். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னான் என்பதை எப்போதுமே கேட்காதீர்கள். மறுநாள், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தாய், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா, எது பிடிக்கவில்லை என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். குருவாகப் போகிறேன் என்று வந்து நின்றால் சந்தோஷப்படுங்கள், தெருவுக்கெல்லாம் சொல்லாதீர்கள். துறவற சபையின் தொடக்கப் பயிற்சியான நவதுறவுக்கே 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். யோசிக்க அவனுக்கு நிறையக் காலம் இருக்கிறது. பயந்துபோய் ஏதாவது பொருத்தனை செய்துவிட்டதாகச் சொன்னால், கடுமையான, அநியாயமான பயத்தால் செய்த பொருத்தனை செல்லாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1191ஆம் விதி சொல்கிறது. பங்குத்தந்தையிடம் கூட்டிப்போய் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு நாள் அமைதியாக இருப்பது, கொஞ்சம் அழுவது இயல்புதான். அதற்கு மேலும் யாரோடும் பேசாமல் இருந்தால், குறிப்பிட்ட ஒருவர் பெயரைக் கேட்டாலே முகம் மாறினால், மறைக்கல்வி வகுப்புக்குப் போகவே மாட்டேன் என்றால், படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்திருந்தாலும் அம்மா உன்னைத் திட்ட மாட்டேன்" என்று சொல்லிக் காத்திருங்கள். அவன் சொன்னால் நம்புங்கள். அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமோ பங்குப் பேரவையிடமோ முதலில் போகாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்